இரண்டு டிகிரி சாய்ந்த கடல்

"கடல் சாய்ஞ்சிருக்க முடியுமா?"

என் மாமா இப்படிக் கேட்டபோது, முடியாது என்று உடனே சொல்லாமல் நானும் யோசித்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நீர் தன் மட்டத்தைத் தானே அடையும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். ஆனால் மாமா கேட்ட விதம் அப்படி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, கடலைச் சாய்த்துவிட்டு வந்தவளே நான்தான் என்பதுபோலக் கேட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அடுத்த வீடுதான். இருபத்தாறு வருடமாகத் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறார். அவர் பதித்த குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால், அது எங்கே போக வேண்டுமோ அங்கே மட்டும் போகும். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். மாமா ரசமட்டம் வைத்திருப்பார். உள்ளங்கை நீளத்தில் மஞ்சள் கட்டை, நடுவே பச்சைத் தண்ணீர் அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக் குமிழி. குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் தரை மட்டம். நகர்ந்தால் கோணல். மாமாவுக்கு உலகமே இந்த இரண்டில் ஒன்றுதான். டீக்கடை மேசையில் உட்கார்ந்தால் முதலில் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார், பிறகுதான் டீ சொல்வார். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் மடித்த அட்டைகூட அவர் சொருகியதுதான்.

"கல்யாணமாகி வந்த முதல் நாளே என்னை எழுப்பி ஓரமா நிக்க வச்சுட்டு, கட்டில் கால்ல அட்டை சொருகினவரு உங்க மாமா" என்பாள் அத்தை. "நான் நல்லா இருக்கேனானு கேக்கல. கட்டில் நல்லா இருக்கானு பாத்தாரு."

"இத்தனை வருஷத்துல உனக்கு ஒரு நாள் முதுகு வலிச்சிருக்கா? சொல்லு பாப்போம்."

"தலைதான் வலிக்குது."

இப்படிப்பட்ட மனிதருக்குப் புகைப்படப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் தரை போட்டுக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை இவர் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாமா கடற்கரைக்குப் போய்விடுவார். நண்டு, சிப்பி, கல்லில் ஒட்டிய பாசி, அலை விட்டுப்போன நுரை, பறவை என்று எதையும் விடமாட்டார். கேமராவின் தலையில் ரப்பர் பேண்டு போட்டு ரசமட்டத்தைக் கட்டியிருப்பார். குமிழி நடுவுக்கு வராமல் விரல் பட்டனைத் தொடாது.

எடுத்த படங்களைப் போடுவதற்கு ஒரு குழு இருந்தது. பெயர் கரையோரக் கண்கள். பத்தொன்பது பேர், எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள். அந்தக் குழுவில் மாமாவுக்கு எழுத்தர் நான். சிமெண்டில் தேய்ந்து தேய்ந்து அவருடைய விரல் நுனிகளில் ரேகையே இல்லை. போன் அவர் விரலை விரலாகவே மதிக்காது. அவர் சொல்வார், நான் தட்டுவேன்.

குழுவின் தலைவி ஒரு பல் டாக்டர். அவர் போட்ட சட்டம்தான் இந்தக் கதைக்கே காரணம். யார் படம் போட்டாலும் மற்றவர்கள் கருத்துச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கருத்திலும் ஒரு பூவும் இரண்டு முள்ளும் இருக்க வேண்டும். பூ என்றால் பாராட்டு, முள் என்றால் குறை. பூ மட்டும் கொடுத்துவிட்டு ஓட முடியாது. குறை கிடைக்காதவர்கள், முன்னால் ஒருவர் சொன்ன முள்ளை வழிமொழியலாம். பேக்கரிக்காரர் ஒருவர் மட்டும் எந்தப் படத்துக்கும் "அருமை" என்று ஒரே சொல்லைப் போடுவார். அது பூவும் இல்லை முள்ளும் இல்லை என்று அவருக்கு இரண்டு முறை எச்சரிக்கை போயிருந்தது. இரண்டுக்கும் அவர் பதில், "அருமை."

நான்கு வருடமாக மாமா அந்தக் குழுவில் இருந்தார். ஆண்டுதோறும் நூலக மாடியில் இருபது படங்களை மாட்டிக் கண்காட்சி வைப்பார்கள். ஒரு முறைகூட மாமாவின் படம் சுவரேறவில்லை. இந்த வருடம் எப்படியும் ஏற்றிவிட வேண்டும் என்று இருந்தார். அதற்கான படமும் கையில் இருந்தது.

பனி மூட்டமான ஒரு காலை. அலைதடுப்புக் கற்களின் மேல் குப்புறப் படுத்து எடுத்த படம். எதிரே ஒரு கல்லின் உச்சியில் சாம்பல் நிறப் பறவை ஒன்று நிற்கிறது. மாமாவுக்கு எந்தப் பறவையும் குருவிதான். அதன் அலகில் ஒரு குட்டி நண்டு. நண்டை அது பிடித்திருக்கிறதா, அதை நண்டு பிடித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. பின்னால் வெள்ளி நிறத்தில் தண்ணீர், ஒரு கோடு, அதற்கு மேல் வெறும் வெளிறிய பனி. வாலிலிருந்து நண்டின் கடைசிக் கால் வரை படத்துக்குள் ஒரு நூல் இடம்கூட மிச்சமில்லாமல் அடைத்து எடுத்திருந்தார், சுவர் ஓரத்தில் கடைசி டைல்ஸை வெட்டிப் பொருத்துவதுபோல.

போட்ட பத்தாவது நிமிடம் பல் டாக்டரின் கருத்து வந்தது.

"பூ: பறவை இருக்கிறது. முள் ஒன்று: அடிவானம் இரண்டு டிகிரி சாய்ந்திருக்கிறது. முள் இரண்டு: பறவையின் மூக்கில் குப்பைபோல ஏதோ ஒட்டியிருக்கிறது, நீக்கவும்."

கூடவே படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு ஒன்று கிழித்து அனுப்பியிருந்தார். உண்மைதான். அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் கடல் இடது பக்கம் இறங்கியிருந்தது.

அதன் பிறகு போன் நிற்கவே இல்லை. சாய்வை வழிமொழிகிறேன். குப்பையை வழிமொழிகிறேன். இரண்டையும் வழிமொழிகிறேன். பி.டி. சார், அதாவது உடற்பயிற்சி ஆசிரியர், மூன்று டிகிரி என்று திருத்தம் கொண்டுவந்தார். பேக்கரிக்காரர் "அருமை" போட்டார். மொத்தம் பதினேழு பேர். அப்போதுதான் மாமா அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்.

"குமிழி நடுவுலதான் இருந்துச்சு பாப்பா. என் கண்ணால பாத்தேன். நான் கோணல் இல்ல. கேமரா கோணல் இல்ல. அப்ப மிச்சம் என்ன இருக்கு?"

"கடல், மாமா."

"அதான் கேக்குறேன்."

சாயங்காலம் இன்னொரு செய்தி வந்தது. மாமாவின் படத்தைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் புதன்கிழமைக்குள் சாய்வைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். மாமா ஒரு நொடி சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நான் போனிலேயே படத்தைத் திருப்பிப் பார்த்தேன். படத்தைத் திருப்பினால் மூலைகள் பிதுங்கும், அவற்றை வெட்ட வேண்டும். இப்படி வெட்டினால் நண்டு போய்விட்டது. அப்படி வெட்டினால் பறவையின் வால் போய்விட்டது.

"மாமா, நண்டு வேணுமா வால் வேணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"உனக்குக் கை வேணுமா கால் வேணுமானு நான் எப்பவாவது கேட்டிருக்கேனா?"

"ரெண்டு டிகிரிதானே. சும்மா திருப்பிடலாம்."

"திருப்பினதைப் பாரு. கடல் நிமிந்துடுச்சு, குருவி விழப் போகுது. நேரா நின்ன குருவியை நான் ஏன் சாய்க்கணும்?"

"இந்த வீட்டுல எதுவுமே சாயக் கூடாது" என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "நான் மட்டும்தான் மதியம் அரை மணி நேரம் சாய்ஞ்சுக்குவேன். அதுக்கும் வந்து மட்டம் பாப்பாரு."

கெட்ட நேரம் என்னவென்றால், அந்த மாதம் மாமா தரை போட்டுக்கொண்டிருந்தது அதே பல் டாக்டரின் கிளினிக்கில். திங்கட்கிழமை நான் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்கப் போனபோது, டாக்டரம்மா புதுத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கோலிக்குண்டு. அதைத் தரையில் வைத்துக் கையை எடுத்தார். குண்டு நகரவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் நகரவில்லை. பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நோயாளி ஒருவர் தன் வலியை மறந்து எட்டிப் பார்த்தார்.

மாமா சிமெண்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "என்ன டாக்டரம்மா, சந்தேகமா?"

"தப்பா நினைக்காதீங்க. கடலைக் கோணலா எடுத்தவரு தரையை எப்படிப் போட்டிருப்பாருனு ஒரு யோசனை."

"எப்படி இருக்கு?"

"தரை சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா, குண்டைப் பையில் போட்டபடி. "கடல்தான் சரியில்ல."

"அப்ப வந்து பாருங்க. ஒரு வீட்டுல தரை சரியில்லைனு யாராவது சொன்னா, நான் போட்டோவை வச்சு வாதாட மாட்டேன். அந்த வீட்டுக்கே போய் மட்டம் வச்சுக் காட்டுவேன். ஞாயித்துக்கிழமை அந்தக் கல்லுக்கு வாங்க. எல்லாரும் வாங்க. குமிழி நகந்துச்சுனா நான் குழுவை விட்டே போயிடறேன்."

டாக்டரம்மா யோசித்தார். "நியாயம்தான்" என்றார். புதன்கிழமைக் கெடு ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிப்போனது.

அந்த ஞாயிறு காலை அந்தப் பக்கம் போனவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியவில்லை. அலைதடுப்புக் கற்களின் மேல் பதினொரு பேர் ஏறி நின்றோம். கிளினிக் வைத்திருப்பவர், ரொட்டி சுடுபவர், விசில் ஊதுபவர் என்று எல்லோரும் கடலின் சாய்வை அளக்க வந்திருந்தார்கள். சர்வே வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மூன்று கால் கருவியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை வெளியே எடுத்ததற்கு வீட்டில் சண்டையாம். மாமா இருபது மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் நீல மை கலந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தார். குழாயின் ஒரு முனையை இங்கேயும் மறு முனையை அங்கேயும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், நீளமான இடத்துக்கு இதுதான் மட்டம் பார்க்கும் வழி. ஒரு முனையைப் பேக்கரிக்காரரும் மறு முனையைப் பி.டி. சாரும் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் தாவினார்கள்.

"தூக்காதீங்க சார்!"

"நான் தூக்கல, அவரு இறக்குறாரு!"

பேக்கரிக்காரர் சட்டையெல்லாம் நீலம். மற்றவர்கள் போனில் மட்டம் காட்டும் செயலியை எடுத்தார்கள். ஒரு போன் ஒன்றரை டிகிரி என்றது, இன்னொன்று ஆறு என்றது. ஒருவருடைய போன் தன்னைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாகப் புகார் சொன்னது.

மாமா எதையும் கண்டுகொள்ளவில்லை. அன்று படுத்த அதே கல்லைத் தேடிப்பிடித்தார், அதே மாதிரி குப்புறப் படுத்தார். மணல் நிரப்பிய சிமெண்ட் பையின் மேல் கேமராவை வைத்து, அதன் தலையில் ரசமட்டத்தைக் கட்டினார். குமிழி மெல்ல ஆடி நடுவில் வந்து நின்றது.

"வந்து பாருங்க."

வரிசையாக வந்து பார்த்தார்கள். குமிழி நடுவில். கேமராவின் திரையில் கடல் இடது பக்கம் இறங்கியிருந்தது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி வரிசையில் வந்து பார்த்தார்கள்.

"பூமி உருண்டைதானே" என்றார் பி.டி. சார் கடைசியாக. "ஒருவேளை இந்த இடத்துல…"

"சார், நீங்க விசில் மட்டும் ஊதுங்க" என்றார் டாக்டரம்மா.

அன்றும் பனி மூட்டம்தான். ஒன்பது மணி வாக்கில் வெயில் ஏறி அது விலகத் தொடங்கியது. மூன்று கால் கருவிக்குள் ஒரு கண்ணை வைத்திருந்த சர்வேயர், "ஏங்க, அதுக்குப் பின்னாடி இன்னொரு கடல் இருக்கு" என்றார்.

வெறும் கண்ணாலேயே பார்த்தோம். அவர் சொன்னது சரி. நாங்கள் அத்தனை நாளாக அடிவானம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு மணல் திட்டின் ஓரம். தண்ணீர் வற்றும் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் ஈரத் திட்டு, பனியின் நிறத்திலேயே இருந்தது. இடது பக்கம் எங்களுக்குக் கிட்டே வந்து, வலது பக்கம் தூரமாக விலகிப் போனது. கிட்டே வந்த பக்கம் தாழ்வாகத்தானே தெரியும்! அதற்கும் அப்பால், பனி விலகிய இடத்தில், உண்மையான அடிவானம் கொஞ்சமும் சாயாமல் நின்றது.

"திட்டு நேரா இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல" என்றார் சர்வேயர்.

"எனக்கே தெரியல டாக்டரம்மா" என்றார் மாமா படுத்தபடியே. "நான் குருவியைத்தான் பாத்தேன். பின்னாடி என்ன இருக்குனு நான் பாக்கவே இல்ல."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்தப் பறவை வந்துவிட்டது. அதேதான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அதே சாம்பல் நிறம், அதே மெலிந்த கால். பத்தடி தூரத்தில் ஒரு கல்லில் இறங்கி, இத்தனை கூட்டம் ஏன் என்பதுபோலக் கழுத்தைத் திருப்பியது. அவ்வளவுதான். குழாய் கீழே விழுந்தது. மூன்று கால் கருவி ஒரு காலில் நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்து படுத்தார்கள். டாக்டரம்மா பாசியில் வழுக்கி, கேமராவை மட்டும் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்த வாக்கில் இரண்டு கல் இறங்கினார். இறங்கும்போதே படமும் எடுத்தார். பறவை கல்லிடுக்கில் எதையோ கொத்தி விழுங்கிவிட்டுப் பறந்து போனது.

டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, பறவை நின்ற கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க படத்துல அது மூக்குல இருந்துச்சே" என்றார். "குப்பை இல்லையா அது?"

"நண்டு டாக்டரம்மா."

"நண்டா? உசுரோடயா? அப்புறம் என்ன ஆச்சு அதுக்கு?"

மாமா எழுந்து உட்கார்ந்தார். இத்தனை நாளாக யாராவது இதைக் கேட்பார்களா என்று காத்திருந்தவருடைய முகம் அது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தை இப்படியும் அப்படியும் நூறு முறை திருப்பியவள் நான், நானும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

"கவ்வினது என்னவோ குருவிதான்" என்றார் மாமா. "ஆனா நண்டு ஒரு கொடுக்கால அது மேல் அலகைப் பிடிச்சுக்கிச்சு. குருவியால முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அப்படியே பத்து நிமிஷம் நிக்குது. எனக்கு இந்தப் பக்கம் காலு மரத்துப்போச்சு, அசைஞ்சா அது பறந்துடும். அதனால நானும் அசையல. மூணு பேரும் மாட்டிக்கிட்டோம்."

"மேல் தாடையைப் பிடிச்சிருந்தா கீழ்த் தாடையைத் திறக்கலாமே?" என்றார் டாக்டரம்மா. தொழில் ரீதியாக அவருக்கு அக்கறை வந்துவிட்டது.

"திறந்துச்சே! திறந்தா நண்டு ஊஞ்சல் ஆடுது. மறுபடி மூடிக்கிச்சு."

"ஐயோ பாவம்" என்றார் பி.டி. சார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

"கடைசியில குருவி என்ன பண்ணுச்சு தெரியுமா? மெதுவாக் குனிஞ்சு மூக்கைத் தண்ணிக்குள்ள விட்டுச்சு. தண்ணி பட்டதும் வீடு வந்துடுச்சுனு நினைச்சு நண்டு பிடியை விட்டுடுச்சு. ரெண்டும் அதது வேலையைப் பாத்துக்கிட்டுப் போயிடுச்சுங்க. என்னாலதான் எழுந்திருக்க முடியல."

டாக்டரம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மதியம் எல்லோரும் தங்கள் பறவைப் படத்தைக் குழுவில் போட்டார்கள். அவசரத்தில் எடுத்ததால் எல்லாமே சாய்வு. அதிகம் சாய்ந்தது டாக்டரம்மாவின் படம், ஒன்பது டிகிரி. அதற்கு முள் எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. மாமாவின் படத்துக்கு டாக்டரம்மா முறையாக ஒரு தீர்ப்பு எழுதினார்: "படத்தில் இருப்பது அடிவானம் அல்ல, மணல் திட்டு. மூக்கில் இருப்பது குப்பை அல்ல, நண்டு. இரண்டு முட்களும் வாபஸ். வழிமொழிந்தவர்கள் தனித்தனியாக வாபஸ் வாங்கவும்."

சட்டம் சட்டம்தான். சாயங்காலம்வரை போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வழிமொழிந்த முள்ளைத் திரும்பப் பெறுகிறேன். நானும் திரும்பப் பெறுகிறேன். பி.டி. சார் தன் மூன்றாவது டிகிரியைத் தனியாகத் திரும்பப் பெற்றார். பேக்கரிக்காரர் திரும்பப் பெற எதுவும் இல்லாததால் "அருமை" என்றார்.

படம் சுவரேறியது. வாலும் இருந்தது, நண்டும் இருந்தது. யாராவது மறுபடி ஆரம்பித்துவிடக் கூடாது என்று சர்வேயர் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழ் ஒன்றையும் பக்கத்தில் ஒட்டினார்கள். அதனால் நடந்தது என்னவென்றால், வந்தவர்கள் முதலில் சான்றிதழைப் படித்தார்கள், பிறகு தலையை இடது பக்கம் சாய்த்துப் படத்தைப் பார்த்தார்கள். கண்காட்சி நடந்த மூன்று நாளும் மாமா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தலையைச் சாய்த்தவர்களை அவர் விட்டுவிட்டார். "இது என்ன, நண்டா?" என்று கேட்டவர்களை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர்களால் லேசில் தப்ப முடியவில்லை. மூன்றாம் நாள் அத்தை வந்து, படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இந்த நண்டு உங்களை மாதிரியே இருக்கு" என்றாள். "பிடிச்சா விடாது."

மாமா அதைப் பூ என்று எடுத்துக்கொண்டார்.

இதை நான் எழுதியது ஒரே காரணத்துக்காக. படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டும் ஆள் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவருக்குக் கருத்துச் சொல்லும் பதினேழு பேரும் எங்கோ இருப்பார்கள். அவருக்கும் அந்தப் பதினேழு பேருக்கும் இந்தக் கதையைத் தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.